கேட்டுக்கு அந்தப் பக்கம்

4-1-1993
எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் பெண்டாட்டி ஞானம்மாள் எழுதுகிறாள். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். பம்பு கம்பெனியில் வி.ஆர்.எஸ்., விருப்ப ஓய்வு என்று சொல்லி போன வாரம் வீட்டுக்கு அனுப்பினார்கள். கையில் ஒரு சுவர்க் கடிகாரம், இந்த டைரி. கடிகாரம் ஓடவில்லை.

இனி இந்த அம்பத்தூர் எஸ்டேட் என்ன ஆகும் என்று ஆளாளுக்கு ஜோசியம் சொல்கிறான். பிற்பாடு "நான் எங்கே சொன்னேன்" என்று ஒருத்தனும் நழுவக் கூடாது. அதற்குத்தான் எழுதச் சொல்கிறேன்.

69-ல் புது ஷெட் திறந்தபோது முதலாளி சொன்னது: "உங்க பேரப் பிள்ளைகளும் இங்கேதான் வேலை செய்வாங்க." அன்றைக்குக் கொடுத்த லட்டில் முந்திரி கூட இல்லை. 81-ல் யூனியன் தலைவர்: "ஒரு ஆளைத் தொட முடியாது." அவர் இப்போது குத்தம்பாக்கம் பக்கம் மனை விற்கிறார்.

நான் சொல்வது: இனி எல்லாம் மிஷினே செய்யும், இரும்பைக் கையால் தொடுகிற வேலைக்கு இங்கே சோறு இல்லை. எழுதினாயா?

14-6-1993
பெண் ஜெயகுமாரி பத்தாவது பாஸ். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படிக்கப் போகிறாளாம், நேற்று சொன்னாள். என் வேலை!

"மூடுற கடையில போயி அக்கவுண்டு ஆரம்பிக்கிறியா?"

"எல்லாம் மிஷினே செய்யும்னு சொல்றியே நைனா, அது ரிப்பேர் ஆனா இன்னா பண்ணுவாங்க? ஜப்பானுக்குத் தந்தி குடுப்பாங்களா?"

"குடுப்பான். அங்கேர்ந்து டை கட்டினவன் வருவான். உன்னிய எதுக்குக் கூப்புடுறான்? தரை பெருக்கவா?"

பக்கத்து வீட்டுத் துலுக்கானம் சுவருக்கு மேல் தலையை நீட்டினான். "அண்ணாத்தே, பொண்ணு ஸ்பேனர் புடிச்சா மாப்ள எவன் வருவான்?"

அவனைத்தான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். என் பெண்ணை நான் திட்டுவேன். அவன் யார்?

இன்றைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஞானம்மாளும் கூடப் போனாள்.

23-10-1993
ஆயுத பூஜை. கம்பெனி இல்லாத முதல் ஆயுத பூஜை. இந்த ஒரு நாள்தான் வீட்டு ஆட்களைக் கேட்டுக்குள் விடுவார்கள். ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற நான்தான் எங்கள் ஷெட்டில் பூசணிக்காய் உடைப்பேன். மகன் பால்ராஜ் பொரிக்கு ஓடுவான். ஜெயகுமாரி மட்டும் மிஷினைச் சுற்றிச் சுற்றி வருவாள். கவுன் முழுக்க கிரீஸ். அப்போதே இழுத்து வெளியே நிறுத்தியிருக்க வேண்டும்.

11-9-1995
ஜெயகுமாரிக்கு வேலை கிடைத்துவிட்டது. வேலப்பன்சாவடி பக்கம் ஒரு கியர் கம்பெனி, மிஷின் ரிப்பேர் பிரிவு. கழுத்தில் பச்சை அட்டை. பச்சை என்றால் காண்ட்ராக்ட். பர்மனென்ட் ஆளுக்கு நீலம்.

"ஆறு மாசத்துக்கு ஒருதபா வெளிய தள்ளி உள்ள இழுப்பான். நீலத்தைக் கண்ணால பாக்க மாட்டே" என்றேன் அவளிடம்.

எழுது ஞானம்மா. கிறுக்காமல் எழுது.

19-10-1996
ஜெயகுமாரி தன் கம்பெனி ஆயுத பூஜைக்கு எங்களைக் கூப்பிட்டாள். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். வாட்ச்மேன் மறித்தான்.

"பெர்சு, இன்னா கார்டு?"

"பச்சை."

"பச்சைக்கு ஃபேமிலி கெடையாது. ஓரமா நில்லு, வண்டி வருது."

உள்ளே மேளம் கேட்டது. என் எதிரில் சிரித்துக்கொண்டு ஒரு நீல அட்டைக் குடும்பம் போனது, கைக்குழந்தை உட்பட. மகள் வெளியே ஓடி வந்து பேப்பரில் மடித்த பொரியை நீட்டினாள். நான் வாங்கவில்லை.

நான் சொன்னது அப்படியே நடந்தது. சொன்னது நடந்தால் மனிதனுக்கு ஒரு குஷி வர வேண்டாமா? எங்கே— விடு. இதை எழுதாதே.

(எழுதிவிட்டேன். ஞா.)

2-7-1997
ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் கம்பெனி வருகிறதாம். ஜெயகுமாரி பிரிவில் பாதிப் பேர் அங்கே தாவிவிட்டார்கள். இருக்கிறவர்களுக்கு முதலாளி டீயோடு வடையும் தருகிறாராம். பாசம் பொங்குகிறது!

"என்னியும் அங்க கூப்ட்டாங்க நைனா. நீலம் குடு, இல்லாட்டி நானும் போறேன்னு இங்க சொல்ட்டேன்."

அடிப்பாவி. முப்பது வருஷத்தில் நான் ஒரு நாள் இப்படிக் கேட்டதுண்டா? இரண்டும் போகும் என்றேன். ராத்திரி முழுக்க எனக்குத்தான் தூக்கம் இல்லை. அவள் குறட்டை விட்டாள்.

10-10-1997
ஆயுத பூஜை. அதே வாட்ச்மேன்.

"யாரு ஊட்டு ஆளு பெர்சு?"

"ஜெயகுமாரி. ஃபிட்டர். நீல அட்டை." கொஞ்சம் சத்தமாகச் சொல்லியிருப்பேன் போலிருக்கிறது. பின்னால் நின்றவர்கள் பார்த்தார்கள்.

மிஷினா அது? நாலு பக்கமும் கதவு போட்ட பீரோ. உள்ளே என்ன நடக்கிறது என்று ஒரு மண்ணும் தெரியவில்லை. அதற்கு வைத்த பொட்டு கோணல். பொரியில் கடலையே இல்லை. மேனேஜர் ஆங்கிலத்தில் பேசினார், சாமிக்குப் புரிந்ததோ என்னவோ. கார் கம்பெனிக்குப் பயந்து வந்த பாசம் எத்தனை நாளைக்கு? அதையும் பார்க்கத்தானே போகிறோம்.

வீட்டுக்கு வந்ததும் ஞானம்மாள் பழைய பக்கத்தைப் புரட்டினாள். "இரும்பு வேலைக்கு சோறு இல்லன்னு சொன்னியே, அத்த அடிச்சிடட்டா?"

அடிக்காதே. அப்படியே இருக்கட்டும். முதலாளி சொன்ன ஜோசியம், தலைவர் சொன்ன ஜோசியம் எல்லாம் போட்டிருக்கிறோம் இல்லையா? அதன் கீழே என் பேரையும் போடு. அந்தோணிராஜ். முழுசாகப் போடு.