உம்மாவின் சப்ஜாச் செடி

வாப்பா,

இன்று மாஹிம் ஸ்டேஷனுக்கு வெளியே பூக்காரி சப்ஜாக் கட்டுகளில் தண்ணீர் தெளித்து உதறினாள். கபரில் வைக்கிற அந்தத் தழையின் வாசனையில், என் ரயில் வந்து நின்றதும் போனதும் தெரியவில்லை. இந்த ஊர் அதைச் சப்ஜா என்கிறது. நீங்கள் கடைசிவரை துன்னூத்துப் பச்சிலை என்றுதான் சொன்னீர்கள்.

உம்மா அதைத் தாராவி வீட்டு வாசலில் டால்டா டின்னில் விதை போட்டு வளர்த்தாள். அவள் போனதும் நீங்கள் செடியை வேரோடு கொண்டுபோய் அவள் கபரின் தலைமாட்டில் நட்டீர்கள். நான் அப்போதுதான் ஐ.டி.ஐ. முடித்து ஃபிட்டராகச் சேர்ந்திருந்தேன். இடமில்லாத ஊர், கொஞ்ச காலத்தில் அதே குழியில் வேறொருவரை வைப்பார்கள், இந்தச் செடி எதற்கு என்று முகத்துக்கு நேரே கேட்டேன். "தெரியும்லே" என்றீர்கள். அவ்வளவுதான்.

தங்கச்சிக்குச் சம்பந்தம் பேச ஊருக்குப் புறப்பட்டபோது, "வெள்ளிக்கெழம தோறும் ஒரு கேன் தண்ணி ஊத்து. வேற ஒண்ணும் செஞ்சிராத" என்றீர்கள்.

எனக்குச் சும்மா இருக்க வராது. பூத்து விதை கட்டினால் செடி காய்ந்துவிடும், கதிரைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் தழைக்கும் என்று செம்பூர் நர்சரிக்காரர் சொன்னார். வாராவாரம் கட்டரோடு போனேன். ஒரு கதிரை விடவில்லை. இரண்டு மாதத்தில் இடுப்புயரப் புதர். நீங்கள் பார்த்து அசந்துபோக வேண்டும் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் வந்த வெள்ளிக்கிழமை கேனோடு இருவரும் போனோம். உம்மாவின் இடத்தில் புதிதாகக் குவித்த மண். அந்த வாரத்தில்தான் தோண்டியிருக்கிறார்கள். செடி சுவரோரக் குப்பையில், மே மாத வெயிலில் சருகாகிக் கிடந்தது. நீங்கள் பக்கத்தில் குத்தவைத்து, ஒரு தாளை விரித்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கொம்பாகத் திருப்பிப் பார்த்தீர்கள்.

"கதிர் எங்கலே?"

"வெட்டிட்டேன் வாப்பா. பூத்தா செடி பட்டுப்போயிருமாம்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

இடம் போய்விடும் என்று என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. விதை எடுக்கத்தான் வந்திருக்கிறீர்கள். எனக்கு அது அப்போதுதான் உறைத்தது. உறைத்தும் வாய் சும்மா இருந்ததா? "ஃபலூடாவுக்குப் போடுற வெததான வாப்பா? கடையில கிடைக்கும், வாங்கித் தாரேன்."

"அது ஓங்க உம்மா போட்ட வெதையா?"

தாளை மடித்துப் பையில் வைத்தீர்கள். எழுந்து கேனைத் தூக்கி, அந்தப் புது மண்மேல் ஊற்ற ஆரம்பித்தீர்கள்.

"வாப்பா, அது உம்மா இல்ல. வேற யாரோ."

"அதுக்கு? திரும்ப வீட்டுக்குச் சொமக்கச் சொல்லுதியா?"

அதன் பிறகும் வெள்ளிதோறும் போய் ஊற்றினீர்கள். என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. நீங்கள் வேலை பார்த்த தோல் பட்டறையில் மட்டும் உங்கள் கூட்டாளிகளிடம், "எம்மவன் மெஷினுக்குப் படிச்சவன்லா, செடிய ஓவர்ஹால் பண்ணிட்டான்" என்று சொல்லிச் சிரித்தீர்களாம். என்னிடம் வந்து சொன்னார்கள். ஏசியிருந்தால் எதிர்த்துப் பேசி ஆற்றிக்கொண்டிருப்பேன்.

இப்போது உங்கள் தலைமாட்டில் கடை விதையைத்தான் போட்டேன். உம்மாவுடையது இல்லை, தெரியும். முளைத்து, முழங்கால் உயரத்துக்கு வந்து, பூத்தும் விட்டது. அடிக் கதிர்களில் விதை கறுக்கிறது, இலை மஞ்சளாகி உதிர்கிறது. முற்றட்டும் என்று வாராவாரம் வெறுங்கையோடு போய் நிற்கிறேன். கட்டரை ஃபாக்டரியிலேயே வைத்துவிட்டு வருகிறேன். கண் முன்னால் ஒரு செடி காய்வதைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு இன்னும் பழகவில்லை, வாப்பா.