கொளஞ்சி மாமா எடுத்துக் கொடுத்த மாஸ்க்

செம்மண்டலம், கடலூர்
வெள்ளிக்கிழமை

அன்புள்ள மகன் அருண்பாண்டியனுக்கு,

அப்பா நன்றாக இருக்கிறார். காலையில் தோசை சாப்பிட்டுவிட்டு, சட்னியில் உப்பில்லை என்று ஒரு குறையும் சொல்லிவிட்டு, பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நானும் நலம். இதை முதலில் எழுதிவிட்டேன், கீழே போகப்போக உனக்கு நெஞ்சு படபடக்கும், அப்போது திரும்ப மேலே வந்து இந்த வரியைப் படித்துக்கொள். நீயும் மருமகள் காயத்ரியும் அந்தக் கனடாப் பனியில் சளி, இருமல் இல்லாமல் இருக்கிறீர்களா? போனில் பேசாமல் இதென்ன கடிதம் என்று கேட்பாய். போனில் நான் ஆரம்பித்தால் நீ சரிம்மா சரிம்மா என்று சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரில் எதையோ தட்டுவாய், அந்தச் சத்தம் எனக்குக் கேட்காது என்று நினைக்கிறாய். இல்லையென்றால் அப்பா போனைப் பிடுங்கி ஒண்ணுமில்லடா, அம்மா சும்மா பெருசு பண்றா என்பார். காகிதத்தை யாரும் பிடுங்க முடியாது, நீயும் முழுவதும் படித்தே ஆக வேண்டும்.

போன மாதம் நீ கூப்பிட்டபோதெல்லாம் சிக்னல் இல்லை, சார்ஜ் இல்லை, அப்பா தூங்குகிறார் என்று சொன்னேன் அல்லவா, அப்பா தூங்கவில்லை. சிதம்பரத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தார். நெஞ்சில் சளி கட்டி நிமோனியா. உன்னிடம் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார், நீ வேலையை விட்டுவிட்டு ஓடி வருவாயாம். நான் சத்தியத்தை அவர் உடம்பு தேறுகிற வரைக்கும்தான் வைத்திருந்தேன், அதற்கு மேல் வைத்திருக்க நான் ஒன்றும் கோயில் உண்டியல் இல்லை.

எப்படி வந்தது என்று கேள். நீ அப்பாவுக்கு என்று வாங்கிக் கொடுத்தாயே கார், அதிலிருந்து வந்தது என்றுதான் நான் சொல்வேன். பஸ்ஸில் போனால் கூட்டம், கிட்னி மாற்றிய உடம்பு, கார்தான் பத்திரம் என்று நீ சொன்னாய், சரி. அதை ஓட்டுவதற்கு என் தம்பி கொளஞ்சியப்பனை வைத்தாய், அவனுக்கும் முந்திரி சீசன் முடிந்தால் வேலை இல்லை, அதுவும் சரி. ஆனால் அந்தக் காருக்குள் அவன் மாஸ்க் வைத்திருந்த அழகை நீ பார்த்திருக்க வேண்டும். கண்ணாடியில் எலுமிச்சம்பழத்தோடு சேர்த்து இரண்டு தொங்கும். கியர் கம்பியில் ஒன்று மாலை போட்டிருக்கும். கதவுப் பையில் வேர்க்கடலைத் தோல், டோல்கேட் சீட்டு, பல்குத்தும் குச்சி, அதற்கு நடுவில் கசங்கிய நாலைந்து. டேஷ்போர்டில் வெயிலில் காய்ந்து அப்பளம் மாதிரி ஒன்று. எது போட்டது, எது போடாதது என்று அந்த நடராஜருக்கே தெரியாது. இதில் அண்ணாகிராமத்திலிருந்து பலாப்பழம் ஏற்றி வந்த பிசுக்கு வேறு. ஏண்டா, சுத்தமா வையேன்டா என்று நான் கேட்டால் ஊர்ல எவன்க்கா இப்போ மாஸ்க் போடறான், கொரோனால்லாம் போயி எத்தினி வருஷமாச்சி என்பான். ஊருக்குப் போய்விட்டது. ஊர் யாரும் புருஷனுக்குக் கிட்னி கொடுக்கவில்லை, நான் கொடுத்திருக்கிறேன். அந்தக் கிட்னியை அவர் உடம்பு தள்ளிவிடக்கூடாது என்று எதிர்ப்புச் சக்தியையே மாத்திரை போட்டு அடக்கி வைத்திருக்கிறார்கள். அடுத்த வீட்டுக்காரன் தும்மினால்கூட நம் வீட்டில் பயப்பட வேண்டும். இது ஆறாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிகிறது, முந்திரி ஏற்றுமதி பேசுகிறவனுக்குப் புரியவில்லை.

இந்த லட்சணத்தில் நீ ஒரு பெட்டி அனுப்பினாய். நீல விளக்குப் பெட்டி. காரில் சொருகி, மாஸ்க்கை உள்ளே வைத்து மூடி, பொத்தானை அமுக்கினால் கிருமியெல்லாம் செத்துவிடும் என்று வீடியோ காலில் பெரிய வகுப்பு எடுத்தாய். நன்றாகப் படித்த பிள்ளை, கேட்க வேண்டியதுதான். என்ன நடந்தது தெரியுமா? உன் மாமன் கதவுப் பையில் இருந்ததையெல்லாம் வாரி அதற்குள் திணித்து, மூடி சரியாக மூடாமல் ஒரு ரப்பர் பேண்டையும் மாட்டி, பொத்தானை அமுக்கிவிட்டு இப்போ எல்லாமே புதுசுக்கா என்றான். சில நாள் அதில் முந்திரிப்பருப்பும் இருந்தது, அதற்கும் கிருமி சாகட்டும் என்று. அப்பாவுக்கும் அந்தப் பெட்டியின் மேல் அவ்வளவு நம்பிக்கை, பையன் அனுப்பியதாயிற்றே. மாஸ்க்கைச் சுருட்டி மேலே மேலே போட்டால் வெளிச்சம் மேலாகத்தான் படும், உள்மடிப்புக்குப் போகாது என்று சிதம்பரத்துக் கிட்னி டாக்டர் அம்மா பிறகு சொன்னார். அந்தப் பெட்டி வருவதற்கு முன்பாவது அப்பா எடுக்கும் முன் ஒருமுறை மோந்து பார்ப்பார், வந்த பிறகு அதுவும் போயிற்று.

போன மாதம் ஒரு நாள் சிதம்பரத்தில் கிட்னி செக்கப். காலையில் கொளஞ்சி வரும்போதே இருமிக்கொண்டு வந்தான். தூசிக்கா என்றான். நான் நம்பினேன். மாஸ்க்கைப் போடுடா என்றேன், போட்டான், எங்கே? தாடையில். ஏ.சி.யைப் போட்டு ஜன்னலை மூடிக்கொண்டு ஆலப்பாக்கம் வரைக்கும் தாடைக்கு மாஸ்க் போட்டு வந்தான், தாடைக்கு ஏதோ வியாதி போல. புதுச்சத்திரத்தில் டீ குடிக்க நிறுத்தினபோது அதையும் கழற்றினான். எங்கே வைத்தான் என்று நான் பார்க்கவில்லை. பின் சீட்டில் பழைய ரிப்போர்ட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது அப்பா தன்னுடையதைத் தேடினார், வீட்டிலேயே விட்டுவிட்டார். உடனே இவன் எங்கேயோ கையை விட்டு ஒன்றை எடுத்து இந்தாங்க மாமா, பெட்டியில வச்சதுதான், புதுசு என்று கொடுத்தான். அவரும் வாங்கி மாட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் கார்டு போட வரிசையில் நின்றேன். நான் கார்டு போட்டு வருகிற வரைக்கும் அவர் அதைத்தான் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

நான் வந்து பக்கத்தில் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன். காதில் மாட்டுகிற நாடாவில் முடிச்சு. உன் மாமாவுக்கு முகம் சின்னது, எந்த மாஸ்க்கும் தொளதொள என்று இருக்கும், அதனால் நாடாவில் முடிச்சுப் போட்டுத்தான் மாட்டுவான். வேறு யாருக்கும் அந்தப் பழக்கம் இல்லை. தொட்டுப் பார்த்தேன், உள்பக்கம் ஈரம். அங்கேயே, அத்தனை பேர் முன்னால் அவர் முகத்திலிருந்து பிடுங்கி எறிந்தேன். ஏன்டி, என்னாச்சி, எல்லாரும் பார்க்கறாங்க என்கிறார். பார்க்கட்டும். என் உடம்பை அறுத்து எடுத்துக் கொடுத்ததை, இவர் இன்னொருத்தன் எச்சில் துணியை முகத்தில் கட்டிக்கொண்டு பாதுகாக்கிறார்.

அந்த வாரமே அப்பாவுக்குக் காய்ச்சல். முதலில் உடம்பு வலி, பிறகு இருமல், பிறகு படியேற மூச்சு வாங்கியது. கொளஞ்சிக்கும் காய்ச்சல் என்று அவன் வீட்டிலிருந்து சேதி வந்தது, தூசிக்குக் காய்ச்சல் வருவதை நான் இப்போதுதான் கேள்விப்படுகிறேன். வாடகை வண்டி பிடித்து சிதம்பரம் போனோம், உடனே சேர்த்துவிட்டார்கள். கிட்னி சோர்ந்தால் ரத்தத்தில் ஏறுமே கிரியேட்டினின், அதுவும் ஏறியிருந்தது. டாக்டர் அம்மாவிடம் அந்த மாஸ்க்கால்தானே என்று கேட்டேன். அதாலயும் இருக்கலாம்மா, மூடின காருக்குள்ள ஒருத்தர் இருமிக்கிட்டு வந்தாலே போதும், இதுதான்னு சொல்ல முடியாது என்றார். படித்தவர்கள் அப்படித்தான் இரண்டு பக்கமும் பேசுவார்கள். கிட்னிக்கு ஒன்றும் ஆகாதே என்று கேட்டேன். பார்ப்போம் என்றார். அருண், அந்தப் பார்ப்போம் என்ற ஒரு சொல்லை வைத்துக்கொண்டு நான் அந்த வராண்டாவில் உட்கார்ந்திருந்தேன். ஆபரேஷனுக்குப் படுத்தபோதுகூட நான் பயப்படவில்லை. அன்று கொடுக்க என்னிடம் ஒன்று இருந்தது. இது போனால் இன்னொன்று கொடுக்க முடியாது.

கொளஞ்சி போன் செய்தான். நான் ஒன்றே ஒன்று சொன்னேன், காரை வீட்டு வாசல்ல வுட்டுட்டு சாவியைப் பக்கத்து வீட்டுல குடுத்துட்டுப் போ, இனிமே அந்த ஸ்டியரிங்க நீ தொடக்கூடாது. அப்படியே செய்தான். காய்ச்சல் விட்டதும் தினமும் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறி வந்துவிடுவான். உள்ளே வரமாட்டான். எதிர்ப்பக்கம் இளநீர்க் கடை ஓரமாக நிற்பான், மூக்கு வாய் எல்லாம் மூடி ஒழுங்காக மாஸ்க் போட்டுக்கொண்டு, பக்கத்தில் ஒரு ஆள்கூட இல்லாத இடத்தில். இந்தப் புத்தி காருக்குள் இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். வாட்ச்மேனிடம் கஞ்சி கொடுத்தனுப்பினான், திருப்பி அனுப்பினேன். மறுநாளும் அனுப்பினான், அன்று நான் மருந்து வாங்கப் போயிருந்த நேரம் பார்த்து அப்பா குடித்துவிட்டார். மச்சான் வேணும்னா செஞ்சாரு? வுடு தில்லை என்று என் பெயரைச் சொல்லிக் கெஞ்சினார். வேண்டும் என்று செய்கிறவனைப் பார்த்தால் ஒதுங்கிப் போய்விடலாம், இந்த மாதிரி நல்லவனிடமிருந்து எப்படி ஒதுங்குவது என்று கேட்டேன். மூக்கில் இருந்த குழாயைச் சரிசெய்வது போல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சளி மெல்ல இறங்கியது. கிரியேட்டினினும் இறங்கியது. வீட்டுக்கு வந்த மறுநாள் நான் காரைத் திறந்து வைத்துக்கொண்டு கையுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். உள்ளே கிடந்தது அத்தனையும் குப்பைக்குப் போனது, உன் பெட்டி உட்பட. கோபித்துக்கொள், பரவாயில்லை. சத்துணவுக் கூடத்தில் அத்தனை வருஷம் அத்தனை பிள்ளைகளுக்குச் சமைத்துப் போட்டவள் நான், கழுவினதையும் கழுவாததையும் ஒரே அலமாரியில் வைத்ததில்லை. இப்போது எப்படி வைத்திருக்கிறேன் என்று கேட்டுக்கொள், நீயும் அங்கே காரில் எப்படி வைத்திருக்கிறாயோ. புது மாஸ்க்குகள் மூடி போட்ட டப்பாவில், ஒவ்வொன்றும் மருந்துக்கடைக் காகித உறைக்குள் தனித்தனியாக, முன் சீட்டுக்கு எதிரே இருக்கும் அறையில். வெயில் படுகிற இடத்தில் இல்லை. அந்த அறையில் அதைத் தவிர ஒரு கடலைகூட இருக்கக்கூடாது. போட்டதைக் கழற்றினால் நாடாவைப் பிடித்துக் கழற்றி, பின் சீட்டுக் காலடியில் இருக்கிற மூடி வைத்த சின்ன வாளிக்குள் போட வேண்டும், வீடு வந்ததும் அந்த வாளி முதலில் இறங்கும். பாதி வழியில் தண்ணீர் குடிக்கக் கழற்றித் திரும்பப் போட வேண்டுமென்றால் அவரவர் பெயர் எழுதின காகித உறை இருக்கிறது, அதில் வைக்கலாம், மடியில் இல்லை, தாடையில் இல்லை. கையைத் துடைத்துவிட்டுத்தான் டப்பாவைத் திறக்க வேண்டும். இவ்வளவுதான். இதற்குக் கரண்டும் வேண்டாம், விளக்கும் வேண்டாம். இனிமேல் அங்கிருந்து எதையும் பார்சல் போடாதே. அப்பாவைப் பார்க்க வேண்டும் என்றால் நீயே வா, வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிச் சொல்லி உனக்கு அலுக்கவில்லையா.

சரி, காரை யார் ஓட்டுவது? வாடகை டிரைவர்கள் இரண்டு பேரைப் பார்த்தேன், இருவருக்கும் மாஸ்க் என்றால் சிரிப்பு வருகிறது. அதனால் நானே கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன். சிரிக்காதே. உன் அப்பா சிரித்துச் சிரித்து இருமலே திரும்ப வந்துவிடும் போலாகிவிட்டது. டிரைவிங் ஸ்கூல் ராபர்ட் முதல் நாள் என்னைப் பார்த்துவிட்டு வீட்ல பசங்க யாரும் இல்லீங்களாம்மா என்று கேட்டான். இருக்கிறான், கனடாவில் இருந்துகொண்டு பெட்டி அனுப்புகிறான் என்றேன். இப்போது எல்.எல்.ஆர். கையில் இருக்கிறது. காலை வேளையில் செம்மண்டலத்துத் தெருவெல்லாம் நான்தான்.

இந்த வாரம் செக்கப். ராபர்ட் கூட வருவதாகச் சொல்லிவிட்டு, உறவில் கல்யாணம் என்று கைவிட்டுவிட்டான். எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் தனியாக ஓட்டக்கூடாது, லைசென்ஸ் உள்ள ஆள் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம். எனக்குத் தெரிந்து லைசென்ஸ் வைத்திருக்கிற, கூப்பிட்டால் வருகிற ஆள் ஒருவன்தான். அப்பாவே போன் போட்டுவிட்டார். கொளஞ்சி விடிந்ததும் வந்து கேட்டுக்கு வெளியே நின்றான், அக்கா, சளி இல்ல, காய்ச்சல் இல்ல, டெஸ்ட் எடுத்துட்டேன் என்று தூரத்திலிருந்தே சொன்னான். மாஸ்க்கை மாட்டிக்கிட்டு ஏறு, வாயத் தொறக்கக்கூடாது என்றேன். ஏறினான். ஜன்னலையெல்லாம் இறக்கிவிட்டேன். அப்பா பின்னால் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டார். பி.முட்லூர் வரைக்கும் உன் மாமா ஒரு வார்த்தை பேசவில்லை. அவனுக்குப் பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியும். நான் பிரேக்கை மிதிக்க வேண்டிய இடத்திலெல்லாம் அவன் கால்தான் தரையை மிதித்தது. சிதம்பரம் மேம்பாலம் ஏறும்போது வண்டி திணறி உறுமியது, பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான், எதை மிதிப்பது என்றே எனக்கு மறந்துவிட்டது. அப்போது அவன் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, மாஸ்க்குக்குள்ளிருந்து, அவ்வளவு மெதுவாக, கிளட்ச்சிக்கா என்றான். மிதித்தேன். கியர் மாற்றினேன். வண்டி ஏறிவிட்டது. நான் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை, ரோட்டைப் பார்க்க வேண்டுமே. அடுத்து எந்தப் பக்கம்டா திரும்பணும் என்று மட்டும் கேட்டேன். ஆஸ்பத்திரிக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று எனக்குத் தெரியாதா என்ன.

டாக்டர் அம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு கிட்னி நன்றாக வேலை செய்கிறது என்றார். நான் அதை உன் அப்பாவுக்கும் மாமாவுக்கும் சேர்த்து இரண்டு தடவை சொல்லச் சொன்னேன்.

காயத்ரியைக் கேட்டதாகச் சொல். வேளைக்குச் சாப்பிடுங்கள், குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள். தில்லை நடராஜரும் பாடலீஸ்வரரும் உங்கள் இருவரையும் நோய் நொடி இல்லாமல் வைக்கட்டும். மாமாவுக்கு ஒரு போன் போட்டுப் பேசு, நான் எழுதினதைச் சொல்லாதே, ஏற்கெனவே பாதி ஆளாக இளைத்துப் போயிருக்கிறான்.

என்றும் உன் நலத்தையே நினைக்கும்
அம்மா
தில்லையம்மாள் இளவரசு