கழுத்து அகலமான யுகுலேலே

என் ரீத்தாவுக்கு,

மேரு லோரிப் பட்டறையில் வேலை முடிந்து வந்து, குளித்துவிட்டு மறுபடியும் உன் யுகுலேலேயை, அந்த நாலு கம்பிக் குட்டி கிட்டாரை, எடுத்தேன். அலுப்பாக இருக்கிறது, ரீத்தா. உனக்கு மட்டும் இது எப்படி விளையாட்டு மாதிரி வந்தது?

கிறிஸ்துமஸுக்கு கிள்ளானில் வீடு வீடாகப் போய்ப் பாட, இந்த வருடம் வாசிக்க ஆளில்லை. பாடகர் குழுவை நடத்தும் தேவா என்னைப் பிடித்துக்கொண்டான். உன் பக்கத்தில் டார்ச் லைட் பிடித்து நின்றவனுக்கு எல்லாம் தெரியும் என்று அவன் நினைப்பு. உன்னோடு அந்தப் பாட்டும் நின்றுவிடக் கூடாதே என்று நானும் தலையாட்டிவிட்டேன். லோரி டயர் கழற்றித் தடித்த விரல்கள் எனக்கு. டி கார்டு என்கிற சுரக்கூட்டுக்கு ஒரே கட்டத்தில் மூன்று கம்பிமேல் மூன்று விரல் வைக்க வேண்டும், இரண்டுதான் நுழைகிறது. மூன்றாவது, பக்கத்துக் கம்பியில் சாய்ந்து சத்தத்தை அடைத்துவிடுகிறது.

பிரிக்பீல்ட்ஸ் இசைக் கடையில் பெரியதாக ஒன்று வாங்கினேன். வீட்டுக்கு வந்து பிடித்துப் பார்த்தால் உடம்புதான் பெரிசு, கழுத்து உன்னுடையதைப் போலவே ஒடுக்கம். சிரிக்காதே. திருப்பிக் கொண்டுபோனேன். "உடம்ப பாத்து வாங்காதீங்க அங்கிள். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவுல எவ்ளோ இடம் இருக்குன்னு பாருங்க லா" என்றாள் கடைக்காரப் பெண். கழுத்து அகலமாக இருந்தும் கம்பியை நெருக்கிக் கட்டியவை இருக்கின்றனவாம்.

கழுத்தின் உச்சியில் கம்பிகள் பதியும் சின்னக் கட்டையை மாற்றினால் உன்னுடையதிலேயே கொஞ்சம் இடைவெளி கிடைக்கும் என்றாள். கையோடு கொண்டுபோயிருந்த உன்னுடையதைக் கொடுத்துவிட்டு, உடனே திருப்பி வாங்கிக்கொண்டேன். உன் விரலுக்கென்று இருந்த இடத்தை மாற்ற எனக்கு மனசு வரவில்லை. கழுத்தும் இடைவெளியும் அகலமான வேறொன்றை எடுத்து வந்தேன். டி கார்டு இப்போது பாதி நேரம் ஒழுங்காகக் கேட்கிறது.

நேற்று தேவா எந்தெந்த வீடு என்று சொன்னான். நம் வீட்டைச் சொல்லவில்லை. சாவு நடந்த வீட்டில் ஒரு வருடம் பாடுவதில்லையே. நீயும் அப்படித்தானே தாண்டிப் போவாய்? ஆனாலும் எனக்கு ஆறவில்லை. நம் வீட்டில் நின்றால்தான் வாசிப்பேன் என்றேன்.

"உள்ள யாருண்ணே இருப்பா? நீங்க எங்ககூட வெளியிலதானே நிப்பீங்க?"

அவன் கேட்டது சரிதான். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதைப் பார்த்து, சரி நிற்போம் என்றான்.

உள்ளே விளக்கைப் போட்டு, கதவைத் திறந்து வைத்துவிட்டு, வாசல் கேட்டுக்கு வெளியே வந்து நிற்பேன். விரல் இடறினாலும் நிறுத்தாமல், கடைசி அடிவரை உனக்கு வாசிப்பேன்.

உன் வீட்டுக்காரன்,
அந்தோணி