லின் வீட்டுத் தோடம்பழங்கள்

நவம்பர் 12, செவ்வாய். ஹேர்னிங், டென்மார்க்.

கிறிஸ்டினாவை நினைக்க இன்னும் வயிறு எரிகிறது. சீனக் குடும்பங்களின் மதம் பற்றிய கணக்கெடுப்பில் நாங்கள் இருவரும் வேலை செய்கிறோம். போன வாரம் லின் என்ற பெண்ணிடம், "உங்கள் மதம் என்ன?" என்று கேட்டேன். "ஒன்றுமில்லை" என்றார். போன வீடெல்லாம் இதே பதில்தான்.

இன்று கிறிஸ்டினா அதே வீட்டுக்குச் சரிபார்க்கப் போனாள். மதத்தைப் பற்றியே கேட்கவில்லையாம். "இந்தப் படத்துக்கு முன்னால் ஏன் பழம் வைத்திருக்கிறீர்கள்?" என்றாளாம். லின் ஒரு மணி நேரம் இறந்துபோன மாமனாரைப் பற்றிக் கதைத்து, கொழுக்கட்டையும் கொடுத்தாராம். எனக்குத் தேநீர்கூடத் தரவில்லை. கூட்டத்தில் எல்லோரும் அவளைத்தான் புகழ்ந்தார்கள். டேனிஷ்காரிக்கு என்ன தெரியும்?

சாப்பிடும்போது கணவரிடம் கொட்டித் தீர்த்தேன். "அந்தப் படத்தை நீர் காணேல்லையோ?" என்று கேட்டார். தட்டைக் கழுவ எழுந்துவிட்டேன்.

கண்டேன். மூன்று தோடம்பழம், ஊதுபத்திச் சாம்பல். எங்கள் வீட்டில் காலமான மாமாவின் படத்துக்கு முன்னால் இருப்பதுபோலவே இருந்தது. லின் வீட்டுக்குள் போனதும் கை தானாகக் கும்பிட்டது. பிறகு கதிரையில் உட்கார்ந்து, 'மதம் இல்லை' என்று குறித்தேன்.