எட்டிப் பார்க்காத ஐந்தாம் குழி

மதினி, போன வாரம் எங்கள் சமயநல்லூர் தெருவில் ஒரு சாவு. தேருக்கு முன்னால் வேட்டுப் போட்டார்கள். மருந்துப் புகை சன்னல் வழியே வந்து நெஞ்சை அடைத்தது. என் அண்ணன் பொண்டாட்டி நீ, மேலூர்க் கல்குவாரியில் சிதறிக் கிடந்தது கண்ணுக்குள் வந்துவிட்டது.

பக்கத்தில் என் பேத்தி கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். அதன் உள்மூளைக்கு கெர்னல் என்று பேராம். அதையே திருத்துகிற வேலை அவளுக்கு. நம் வம்சத்தில் யார் பார்த்தது இதை!

"என்னத்தா, மூஞ்சி செத்துக் கெடக்கு?" என்றேன்.

"அப்பத்தா, வெளிய இருந்து ஒவ்வொரு தகவல் வரும்போதும் இதுக்குள்ள ஒரு மணி அடிக்கும். கையில இருக்க வேலையைப் போட்டுட்டு ஓடும். ஓடி ஓடித் திரும்புறதுலயே பொழுது போயிரும். அதான் மொத மணியோட மணியை அமத்திட்டு, எல்லாத்தையும் மொத்தமா அள்ளச் சொல்லி எழுதுனேன்."

நாமும் அப்படித்தானே ஓடினோம்? ஒவ்வொரு குழிக்கும் ஒரு விசில். சுத்தியலைப் போட்டுவிட்டுப் பாறை மறைவுக்கு ஓட்டம். வெடித்ததும் வேட்டுக்காரர் குழியைப் பார்த்துக் கைகாட்டுவார். திரும்பி வந்து உட்கார்ந்தால் அடுத்த விசில். நான்தான் மேஸ்திரியிடம் சண்டைக்குப் போனேன். "அஞ்சு குழிக்கும் சேத்து ஒரே விசிலா ஊதுங்கண்ணே. கல்லு ஒடைக்க வந்தமா, ஓட்டப்பந்தயத்துக்கு வந்தமா?" நீகூடச் சிரித்தாய்.

"நல்லதுதானத்தா?" என்று கேட்டேன் பேத்தியிடம்.

"நல்லதுதான். ஆனா அள்ளி முடிச்சு, மணியைத் திறந்துவிட்டதும் இன்னொரு தடவை எட்டிப் பாக்கணும். அந்த இடைவெளியில ஒண்ணு வந்திருந்தா, மணி அடிக்காமலே கெடக்கும். அதை எழுதாம விட்டுட்டேன். மெஷினே நின்னுபோச்சு."

குவாரியிலும் யாரும் எட்டிப் பார்க்கவில்லை மதினி. ஒரே விசிலாக ஆனபின் கைகாட்டுவதும் நின்றுபோனது. அன்றைக்கு நாலு வெடித்தது. சத்தம் ஓய்ந்தது. "இன்னும் ஒண்ணு இருக்குமோடி?" என்று கேட்டாய். "எல்லாம் முடிஞ்சிருச்சு, போ மதினி, நல்ல கல்லா பாத்து இழுத்துப் போடு" என்று உன் முதுகில் தட்டி அனுப்பியது நான். ஐந்தாவது குழியில் திரி மெல்ல எரிந்துகொண்டிருந்திருக்கிறது. உன் சேலையின் ஒரு துண்டு லாரிக் கண்ணாடியில் வந்து ஒட்டியது.

விசாரிக்க வந்தவர்களிடம், "அவளா அவசரப்பட்டு ஓடிட்டா" என்றேன். ஊரும் அதையே பிடித்துக்கொண்டது.

பேத்தி இதைச் சொன்ன மறுநாளே மேலூருக்கு பஸ் ஏறினேன். உன் மகள் வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "வாங்க அத்தை, காப்பி போடவா?" என்றாள். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்.

அறைந்தாள். என் மூக்குக்கண்ணாடி தெறித்து வாய்க்காலில் விழுந்தது.

"எங்கம்மாவை அவசரக்குடுக்கைன்னு இம்புட்டு வருசமா எல்லாரும் ஏசுனாங்களே! எம் புருசன்கூட அதைச் சொல்லித்தானே என்னைய அடிப்பான்! நீங்க பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டுத்தானே இருந்தீங்க?"

மறுபடி அறைந்தாள். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. பக்கத்து வீட்டார் ஓடிவந்து அவளைப் பிடித்தார்கள். "விடுங்க அவளை" என்றேன். விட்டார்கள். அவள் அப்புறம் அடிக்கவில்லை. நிலைப்படியில் மண்டையை முட்டி முட்டி உன்னைக் கூப்பிட்டாள்.

அவள் அறைந்த இடது காதில் இன்னும் இரைச்சல். டாக்டரிடம் போகலாம் என்று பேத்தி நச்சரிக்கிறாள். வரமாட்டேன் என்றுவிட்டேன். இதையாவது நான் சுமக்கிறேன் மதினி.