போதும் என்று தெரியாத சோளம்

இன்று பதுளை பஸ் ஸ்டாண்டில் அவித்த சோளம் வாங்கினேன். டீச்சர்மார் கூட்டம் முடிந்து நமுனுகுல பஸ்ஸுக்காகக் காத்துக்கொண்டிருந்த நேரம். விற்கிறவள் பானை மூடியைத் திறந்ததும், உப்புத் தண்ணீரில் மடலோடு வெந்த வாசனை முகத்தில் அடித்தது. அவ்வளவுதான், நீ வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாய். உயிரோடு இருந்த காலத்தில் எந்த பஸ்ஸுக்கும் நேரத்துக்கு வராதவள் நீ. இப்போது மட்டும் இவ்வளவு அவசரம். இரண்டு கதிர் வாங்கிப் பையில் வைத்தேன். வழி நெடுக என்னால் ஒரு மணி கூடக் கடிக்க முடியவில்லை.

தேயிலைத் தோட்டத்தில் ஒரே லயம், பக்கத்துப் பக்கத்துக் காம்பராவில் நம் இரண்டு வீடும். இரண்டு வீட்டிலும் கோதுமை மா ரொட்டிதான். விடிகிறதற்குள் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகவேண்டும் என்று உன் அம்மா அடுப்படியில் ரொட்டி தட்டுகிற சத்தம் கேட்டுத்தான் நான் எழும்புவேன். அவரைப் பெரியம்மா என்று கூப்பிட்டே வளர்ந்தவள் நான். தன் ரொட்டியைப் பாதியாகப் பிய்த்து உன் தட்டில் போட்டுவிட்டு, "எனக்குப் போதும்" என்பார். என் அம்மாவும் அதையேதான் சொன்னார். உலகத்தில் அம்மாக்களுக்கெல்லாம் வயிறு சின்னது என்று நாம் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தோம்.

எங்கள் தோட்டத்திலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் பெண் நீ. நான் உயர்தரப் பரீட்சையோடு நின்று, கொழுந்து எடுக்கப் போகும் அம்மாமார் பிள்ளைகளை விட்டுப்போகிற புள்ளக்காம்பராவில் வேலைக்குச் சேர்ந்தேன். லீவில் வரும்போதெல்லாம் அங்கே வந்து, பிள்ளைகளைக் கதவு நிலையோடு நிறுத்தி உயரத்துக்குச் சோக்கில் கோடு போடுவாய். பிறகு நீயும் போய் நின்று பார்ப்பாய். மாவிலும் சோற்றிலும் சோளத்திலும் லைசீன் என்கிற ஓர் அமினோ அமிலம் குறைவு, உடம்பால் அதைத் தானே செய்துகொள்ள முடியாது, அது இல்லாவிட்டால் சாப்பாட்டிலுள்ள மற்றப் புரதமும் தசையாகச் சேராது என்று முதலில் நீ சொன்னது அந்தக் கதவடியில்தான். "நம்ம உயரம் ரொட்டியோட நின்னுபோச்சு புள்ள" என்றாய். ரொட்டியைக் குறை சொல்லாமல் போய் உன் அப்பாவின் உயரத்தைப் பார் என்றேன். சிரித்தாய். ஆனாலும் அந்தக் கோட்டை விட்டு உன் கண் அகலவில்லை.

பிறகு உதவிப்பணம் கிடைத்து வெளிநாட்டு ஆய்வுகூடத்துக்குப் போனாய். செடிக்குள் புது மரபணு வைத்துப் பழகுவதற்கு முதலில் எடுத்துக்கொள்கிற செடி புகையிலையாம். நீ எழுதியதைப் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டியது நான்தான். மனுஷி வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார்: "அவ்வளவு படிச்சிட்டு, கடசில பொயில போடப் போயிருக்கா எம்மக." அடுத்த லீவில் வந்தபோது ஆளாளுக்கு உன்னிடம் நல்ல புகையிலை கேட்டார்கள். கோபத்தில் நீ இரண்டு நாள் வெளியே தலை காட்டவில்லை.

அந்த லீவில்தான் புள்ளக்காம்பராவின் பின்பக்கம் உட்கார்ந்து, தேத்தண்ணி ஆறிப்போகும் வரை எனக்கு விளங்கப்படுத்தினாய். செடிக்குள் லைசீனைச் செய்கிறது ஒரு நொதியம். தேவையான அளவு சேர்ந்ததும் அது தன் வேலையை நிறுத்திவிடும். அப்படி நிறுத்தாத ஒரு நொதியம் ஒரு பக்டீரியாவிடம் இருக்கிறது. அதைச் செய்கிற மரபணுவை எடுத்துச் செடிக்குள் வைத்துவிட்டால் லைசீன் சேர்ந்துகொண்டே போகும்.

"செடிக்கு போதும்னு தெரியும் புள்ள. எனக்கு வேணும்கிறது போதும்னே தெரியாத ஒண்ணு" என்றாய்.

எனக்கு உடனே பெரியம்மாவின் பாதி ரொட்டி ஞாபகம் வந்தது. நீயும் லயத்தில் உன் அம்மாவின் அடுப்படிப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாய்.

பண்டாரவளைக் கொமியூனிகேஷன் கடைத் தொலைபேசிக்கு நீ அழைக்கும் ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஒரு தடவை அழுதாய். புகையிலை இலையில் லைசீன் நிறைந்துவிட்டதாம், ஆனால் செடி தேறவில்லையாம், விதை சுருங்கிப்போய் முளைக்க மாட்டேன் என்கிறதாம். அளவுக்கு மேல் வைத்தால் செடிக்குத் தாங்காது என்று அப்போதுதான் உனக்குத் தெரிந்தது. பிறகு சோளத்துக்கு மாறினாய். அந்த நொதியம் விதையின் முளையத்துக்குள் மட்டும் வேலை செய்கிற மாதிரி அமைத்தாய். அதற்கே வருஷங்கள் போயின. இங்கே நாட்டில் சண்டை, சமாதானம், திரும்பவும் சண்டை என்று எல்லாம் வந்துபோனது. கடைசியில் ஒரு ஞாயிறு, "முளைச்சிருச்சு" என்று நீ கத்தியது கண்ணாடித் தடுப்புக்கு வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது. கடைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. யாருக்கோ பிள்ளை பிறந்திருக்கிறது என்று நினைத்து எனக்கு ஒரு டொபி கொடுத்தார். அவர் நினைத்ததில் பெரிய பிழை இல்லை.

ஊவாவில் சோளம் எந்தச் சரிவிலும் வரும். லயத்துப் பின்னால் ஆளுக்கு ஒரு பாத்தி போட்டாலே போதும், பிள்ளைகளின் கஞ்சிக்கு ஆகும் என்று எந்த இடம் வெயிலுக்குத் தோது என்பது வரை பேசி வைத்திருந்தோம். நானும் ஆசைப்பட்டுவிட்டேன். அதுதான் இன்றைக்கும் ஆறாமல் கிடக்கிறது.

நீ ஒரேயடியாகத் திரும்பி வந்த அன்று, பெட்டியைக் கூடத் திறக்காமல் சொன்னாய். ஆய்வுக்குப் பணம் போட்ட கம்பெனிக்குச் சோளம் பிடித்துவிட்டது. மனிதருக்கு இல்லை, கோழித் தீனிக்கு. தீனியில் லைசீன் கூடினால் கோழி சீக்கிரம் சதை வைக்கும், அதில்தான் ஆதாயம். நீ முகத்தைக் கைகளில் புதைத்துக்கொண்டாய். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. பெரியம்மாதான் வெற்றிலையை ஒதுக்கிவிட்டுக் கேட்டார்: "அந்தக் கோழியையாவது நமக்குக் குடுப்பாங்களா?"

நீ அழுகையோடு சிரித்தாய். சிரித்து முடித்து, "போதும் புள்ள, விட்டுட்டேன்" என்றாய்.

நான் விடவில்லை. ஊருக்கெல்லாம் போதாது என்று சொன்னவளுக்கு, தனக்கு மட்டும் எப்படிப் போதும் என்று உன்னோடு மல்லுக்கு நின்றேன். அந்தத் தொல்லை தாங்காமல், சோதனைக்கென்று ஒரு கைப்பிடி விதை கேட்டு எழுதினாய். நீ முளைக்க வைத்த விதை கம்பெனியின் சொத்து, உனக்குத் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். தந்தாலும் இங்கே கொண்டுவந்து நட யாரிடம் அனுமதி கேட்பது என்பது எவருக்கும் தெரியவில்லை. பண்டாரவளையில் விஞ்ஞான ஆசிரியையாகச் சேர்ந்தாய். சனிக்கிழமைகளில் பருப்புப் பையோடு புள்ளக்காம்பராவுக்கு வருவாய். மாவில் இல்லாதது பருப்பில் இருக்கிறது, இரண்டையும் ஒரே வேளையில் கொடு, என் விஞ்ஞானம் இப்போதைக்கு இவ்வளவுதான் என்பாய். அதைச் சொல்லும்போது உன் குரல் என்னவோ போலிருக்கும்.

சின்ன வயதில் உனக்கு வந்த மூட்டுக் காய்ச்சல் இதயத்தில் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது நமக்குத் தெரியாது. மூச்சு வாங்குகிறதே என்று கேட்டால், மலை ஏறினால் வாங்காதா என்பாய். தெரிந்தபோது வால்வு மாற்றவேண்டும் என்றார்கள், திகதியும் கொடுத்தார்கள். அந்தத் திகதி வந்தது. நீ இல்லை. உனக்கு இன்னும் நாற்பது கூட ஆகவில்லையே, பாவி. உன் விதையைத் தரமாட்டேன் என்றவர்கள் மேல் எனக்குள்ள கோபத்தை விட, அதைக் கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் தேத்தண்ணி குடித்தாயே, அந்த உன் மேல்தான் எனக்கு இன்னும் கோபம்.

உன் பதினாறாம் நாள் படையலில் பெரியம்மா ரொட்டி வைத்தார், பருப்பு வைத்தார், பசறைப் பாதையில் வாங்கிய சோளக்கதிரும் வைத்தார். இலை நிறைந்த பிறகும் வைத்துக்கொண்டே இருந்தார். போதும் என்று யாரோ கையைப் பிடித்தார்கள்.

"போதும்னு சொல்ல இனி அவ இல்ல. விடுங்க" என்றார்.

இப்போதும் புள்ளக்காம்பராவில் ரொட்டியோடு பருப்புத்தான். சில பிள்ளைகள் தட்டைக் கையால் மூடிக்கொண்டு, "போதும் டீச்சர்" என்பார்கள். நான் கையின் மேலேயே ஊற்றிவிடுவேன். கையை நக்காமல் எங்கே போவார்கள்? கதவு நிலையில் உன் சோக்குக் கோடுகள் மேல் பெயின்ற் அடித்துவிட்டார்கள். அடியில் இருக்கும்.

சாயந்தரம் பெரியம்மாவிடம் சோளத்தைக் கொடுத்தேன். வெற்றிலையைத் துப்பிவிட்டு, ஒவ்வொரு தடவையும் கேட்பதைப் போலவே கேட்டார்.

"இது அவ சோளமா?"

"இல்ல பெரியம்மா. இது சும்மா சோளம்."

இருக்கிற பல்லால் மெதுவாகக் கடித்தார். பாதியில் நிறுத்தி, கதிரை உடைத்து என் பக்கம் நீட்டினார். தனக்குப் போதுமாம். நான் கை நீட்டவில்லை. அந்தப் பாதியை அவர் மடியிலேயே திருப்பி வைத்துவிட்டு, கடைசி மணி வரை அவர் தின்று முடிக்கிற மட்டும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.