பென்சிலில் எழுதிய வரி

சாத்தூர்
8.9.2025

அன்புள்ள மாமாவுக்கு,

செல்வலட்சுமி எழுதுவது. போனில் பேசினால் ஏதாவது சொல்லி என்னைச் சிரிக்க வைத்துவிடுவீர்கள், சொல்ல வந்தது அப்படியே போய்விடும். அதனால்தான் கடிதம். காளிராஜ் அண்ணன் தினமும் கம்பெனி வேனில் தாயில்பட்டிக்கு வருகிறவர்தானே, கொண்டுவந்து தருவார்.

நான் எங்கள் அண்ணன் வீட்டுக்கு வந்து பதினோரு நாள் ஆகிறது. கோபம் தீரவில்லை. கம்பெனியில் நடந்த கண் முகாமில் டாக்டரம்மா லைட் அடித்துப் பார்த்துவிட்டு என்ன சொன்னார்? "சர்க்கரையால கண்ணுக்குள்ள ரத்தக்குழாய் கசியுது. கண்ணுல இப்படி இருந்தா இருதயம், கிட்னி எல்லாத்தையும் உடனே பாக்கணும். இது பார்வையோட போறதில்ல, உசுரு சம்பந்தப்பட்டது" என்றாரா இல்லையா? நீங்கள் சீசன் முடியட்டும் என்கிறீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகிற வரை நான் வரமாட்டேன். வேளைக்குச் சாப்பிடுங்கள்.

செல்வலட்சுமி

(ஓரத்தில், பென்சிலில்) மனசு கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயந்திரம் நாலு மணிக்குச் சாத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு வாருங்கள். கூப்பிட்டால் வந்துவிடுவேன்.

* * *

தாயில்பட்டி
10.9.2025

அன்பு செல்விக்கு,

உன் கடிதத்தைக் காளிராஜிடம் படிக்கக் கொடுக்காமல் நானே படித்தேன். ஒரு எழுத்து விடவில்லை. என் எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால் பேனாவைத் திட்டு.

கண்ணைப் பார்த்து ஆயுசு சொல்கிறார் அந்த டாக்டரம்மா. கைரேகை ஜோசியக்காரன் பிழைப்பு போச்சு! முகாமில் எழுத்துப் பலகையில் இருந்த எல்லா வரியும் படித்தேனா இல்லையா? தீபாவளி ஆர்டர் தலைக்கு மேல் இருக்கிறது. பட்டாசு மருந்து கலக்கிற ரூமில் நான் இல்லாவிட்டால் யார் பார்ப்பது? நீயாக மனசு மாறி வரும்போது வா.

உக்கிரபாண்டி

* * *

சாத்தூர்
13.9.2025

மாமாவுக்கு,

நேற்று நாலு மணியிலிருந்து ஏழு மணி வரை பஸ் ஸ்டாண்டில் பையோடு நின்றேன். வெட்கங்கெட்டவள், தலையில் பூ வேறு. தாயில்பட்டியிலிருந்து வந்த ஒவ்வொரு பஸ்ஸிலும் இறங்கியவர்களைப் பார்த்தேன். நான் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டீர்கள் என்று அங்கேயே அழுதுவிட்டேன்.

வீட்டுக்கு வந்து உங்கள் கடிதத்தை மறுபடி படித்தேன். எல்லாவற்றுக்கும் பதில் எழுதியிருக்கிறீர்கள், அந்த ஒன்றுக்கு மட்டும் இல்லை. என் கடிதத்தைக் காளிராஜ் அண்ணனிடம் கொடுத்து இடது ஓரத்தைப் படிக்கச் சொல்லுங்கள்.

உங்கள் பார்வையைச் சோதிக்கத்தான் பென்சிலில் எழுதினேன். ஆனால் பையைத் தூக்கிக்கொண்டு போனது சோதிக்க இல்லை.

பாவம் என் மேலும் இருக்கிறது. முகாமில் எனக்கு முதலில் பார்த்தார்கள். வெளியே வந்ததும் கடைசி மூன்று வரி எழுத்தையும் உங்கள் காதில் ஓதினேன். கம்பெனியில் எல்லாரும் செய்வதுதான், சீசனில் வேலை போய்விடக் கூடாதே என்று நானும் செய்தேன். அதை ஒப்பித்துத்தான் மருந்து ரூமில் நிற்கிறீர்கள். கலவை தப்பினால் வெடிக்கிற இடம், உங்களோடு இன்னும் நாலு பேர் அங்கே நிற்கிறார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்து என்ன பலன் மாமா? எனக்குத் தூக்கமே வரவில்லை.

செல்வலட்சுமி

* * *

தாயில்பட்டி
18.9.2025

அன்பு செல்விக்கு,

நான் சொல்லச் சொல்லக் காளிராஜ் எழுதுகிறான். அந்த ஓரத்து வரியை இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். "ஏலே, அந்தப் பிள்ளைய மூணு மணி நேரம் நிக்க வச்சிருக்கயே" என்று அவன் திட்டினான். எனக்கு அந்த இடத்தில் வெள்ளைத்தாள்தான் தெரிந்தது செல்வி.

திங்கட்கிழமை சூப்பர்வைசரிடம் போய், "நான் இனி மருந்து ரூமுக்குப் போகமாட்டேன்யா, கண்ணு தெரியல" என்று சொல்லிவிட்டேன். மறுநாள் காளிராஜ் லீவு போட்டு விருதுநகர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். அங்கேயும் அதே பலகை. நீ சொல்லிக்கொடுத்த எழுத்து அத்தனையும் வாய்வரை வந்தது. "தெரியலைங்க" என்றேன்.

நெஞ்சையும் படம் எடுத்தார்கள். ஏற்கெனவே ஒரு முறை மாரடைப்பு வந்து போயிருக்கிறதாம், எனக்கே தெரியாமல். சர்க்கரைக்காரர்களுக்கு வலி தெரியாமலும் வருமாம். டாக்டரம்மா சொன்னதை ஜோசியம் என்றேனே. வருகிற திங்கட்கிழமை மதுரை ஆஸ்பத்திரியில் போய்ச் சேரச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டு ஆள் கையெழுத்து வேண்டுமாம். எனக்குப் பயமாக இருக்கிறது. நீ ஓதியதை நினைத்து உன்னை நொந்துகொள்ளாதே, ஒப்பித்த வாய் என்னுடையது.

நாளை வெள்ளிக்கிழமை. நாலு மணிக்குக் காளிராஜ் என்னைச் சாத்தூர் பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து விடுவான். நீ தூரத்தில் நின்று நான் பார்க்கட்டும் என்று காத்திருக்காதே. எனக்குத் தெரியாது. பக்கத்தில் வந்து கையைப் பிடி.

உக்கிரபாண்டி